பசில்டன் பொடியன்கள்: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில் சிந்தசைசர் (மின்னணு முறையில் ஒலி எழுப்பும் கீபோர்ட்) இசை பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே குழுவைப் பற்றியவை: இங்கிலாந்தின் டெபெஷ் மோட். சரி, இந்த மாதம் முழுவதையும் அவர்களுக்கே விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். எனக்கும் நாற்பது வருடமாகச் சொல்ல ஆசையாக இருக்கிற கதைதான் இது.

மாஸ்டர், ஓர் அமெரிக்கத் தொடரின் முதல் எபிசோட் முடிகிற இடத்தில் ‘நெவர் லெட் மீ டவுன் எகெய்ன்’ என்ற பாட்டு வந்தது. தேடிப் பார்த்தால் 1987 என்று இருக்கிறது. என் அம்மாவே அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பார். யார் இவர்கள்? இன்னும் பாடுகிறார்களா?
*— உயர்தர மாணவி, உவர்மலை*

பாடுகிறார்கள், தங்கச்சி. டெபெஷ் மோட் என்று பெயர். 2023 மார்ச்சில்தான் பதினைந்தாவது ஸ்டூடியோ அல்பம் ‘மெமெண்டோ மோரி’ வந்தது.

ஊர் பசில்டன். லண்டனுக்குக் கிழக்கே எசெக்ஸில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லண்டன் சனத்தைக் குடியேற்ற அரசாங்கம் புதிதாகக் கட்டிய நகரம் அது. அந்த ஊர்ப் பொடியன்கள் நான்கு பேர்: வின்ஸ் கிளார்க், மார்ட்டின் கோர், அன்டி ஃபிளெட்சர், டேவ் கான். மார்ட்டினுக்கு வங்கியில் வேலை, அன்டிக்குக் காப்புறுதி நிறுவனத்தில். வின்ஸ்தான் பாட்டு எழுதுவார். 1980இல் டேவ் பாடிப் பார்ப்பதை வின்ஸ் தற்செயலாகக் கேட்டுவிட்டு இவரைச் சேர்த்துக்கொள்வோம் என்றார். பெயர், டேவ் கண்ணில் பட்ட ஒரு பிரெஞ்சு நாகரிக இதழின் தலைப்பு.

லண்டன் கனிங் டவுனில் பிரிட்ஜ் ஹவுஸ் என்று ஓர் இடம். அங்கே வேறொருவரின் நிகழ்ச்சிக்கு முன்னால் வாசிக்கப் போன இடத்தில்தான் டேனியல் மில்லர் இவர்களைக் கண்டார். அவர் மியூட் என்ற சின்ன இசைத்தட்டு நிறுவனத்தைத் தனி ஆளாக நடத்திக்கொண்டிருந்தவர். ஒப்பந்தப் பத்திரம் எதுவும் எழுதவில்லை. கைகுலுக்கினார்கள், வருகிற இலாபத்தைப் பாதிப் பாதி என்றார்கள், அவ்வளவுதான். அந்தத் தொடக்க காலத்தில் பெரிய கம்பனிகள் பணப்பையோடு பின்னால் வந்தபோதும் அந்தக் கைகுலுக்கலை விட்டு அவர்கள் போகவில்லை. வியாபாரம் பேசுகிற எவரிடமும் நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

1981இல் மூன்று சிங்கிள்கள் (தனிப் பாட்டு இசைத்தட்டுகள்). முதலாவது பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 57ஆம் இடம், இரண்டாவது 11, மூன்றாவது 8. அந்த மூன்றாவதுதான் ‘ஜஸ்ட் கான்ட் கெட் இனஃப்’. தொலைக்காட்சியில் பாடப் போனபோதுகூட சிந்தசைசர்களைக் கையில் தூக்கிக்கொண்டு ரயிலில்தான் போனார்கள்.

நீங்கள் கேட்ட பாட்டை 1988 ஜூன் 18 அன்று கலிபோர்னியாவின் ரோஸ் போல் மைதானத்தில் வாசித்த பதிவையும் பாருங்கள். அந்தச் சுற்றுப்பயணத்தின் 101ஆவது, கடைசி நிகழ்ச்சி அது. வந்திருந்தவர்கள் அறுபதாயிரம் பேர். டேவ் இரண்டு கையையும் தூக்கி இடமும் வலமும் அசைக்க, மைதானமே அசைகிறது. அறுவடைக்கு முந்திய தம்பலகாம வயலில் காற்று விழுகிற மாதிரி இருக்கும்.

முதல் அல்பம் வெற்றி பெற்றதும் வின்ஸ் கிளார்க் ஏன் விலகினார்? பாட்டு எழுதுகிறவரே போன பிறகு எப்படி மிஞ்சினார்கள்?
*— வாசகர், பாலையூற்று*

பேட்டிகளும் பயணமும் புகழும் அவருக்குச் சரிவரவில்லை. 1981 முடிவதற்குள் போய்விட்டார். போனவர் சும்மா இருக்கவில்லை. அதே பசில்டனைச் சேர்ந்த அலிசன் மொயேயோடு யாசூ, பிறகு 1985இலிருந்து அன்டி பெல்லோடு இரேஷர் என்று இரண்டிலும் கொடிகட்டிப் பறந்தார். சந்தோஷமான மெட்டு அவர் கையில் தண்ணீர் மாதிரி ஓடும்.

மிஞ்சிய மூன்று பேரில் எழுதத் தெரிந்தவர் மார்ட்டின் மட்டும். முதல் அல்பத்தில் அவருடையவை இரண்டே இரண்டு. அந்த இளம் வயதில் அடுத்த அல்பம் முழுவதையும் தோளில் தூக்கினார். அது 1982இல் வந்த ‘எ புரோக்கன் ஃபிரேம்’. சில இடங்களில் தடுமாறும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதிலுள்ள ‘லீவ் இன் சைலன்ஸ்’ பாட்டைக் கேளுங்கள். பிறகு வரப்போகிற இருட்டும் ஆழமும் அங்கே தொடங்கிவிட்டன.

அதே வருடம் ஓர் இசைப் பத்திரிகையில் ஆள் தேவை என்று விளம்பரம் போட்டார்கள், 21 வயதுக்கு உட்பட்டவர் வேண்டும் என்று. அலன் வைல்டருக்கு 22. வயதைக் குறைத்துச் சொல்லிக்கொண்டு போனார். முறைப்படி பியானோ படித்தவர், மற்ற மூவரையும் விட வாசிப்பில் கெட்டிக்காரர். ஆனாலும் ‘எ புரோக்கன் ஃபிரேம்’ பதிவில் அவரைச் சேர்க்கவில்லை. வின்ஸ் இல்லாமலும் எங்களால் முடியும் என்று மூவரும் தங்களுக்கே காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அலன் மேடையில் மட்டும் வாசித்துக்கொண்டு பொறுமையாக இருந்தார். அந்தப் பொறுமைக்கு அந்தக் குழு எவ்வளவு கடன்பட்டது என்பது அடுத்த பத்து வருடத்தில் தெரிந்தது.

கிராஃப்ட்வேர்க்கைக் கொப்பியடித்தவர்கள்தானே இவர்கள்?
*— வாசகர், கிண்ணியா*

இல்லை. அந்த ஜேர்மன் மின்னிசைக் குழுவிடம் படித்தார்கள், அது உண்மை. ஆனால் கிராஃப்ட்வேர்க்கில் இயந்திரம் பாடும். இவர்களில் மனிதன் பாடுவான், இயந்திரம் பக்கத்தில் நிற்கும். தொடக்கத்தில் இவர்களிடம் இருந்த மலிவான சிந்தசைசர்களில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும், நம் நாதஸ்வரம் மாதிரி. அதனால் கோர்ட் (பல சுரம் ஒன்றாக) அழுத்திச் சுகமாக நிரப்ப வழியில்லை. ஆளுக்கொரு ஒற்றை வரியாக வாசித்து, அந்த வரிகளைப் பாய் பின்னுகிற மாதிரி ஒன்றுக்குள் ஒன்று கோத்தார்கள். கையில் வசதி வந்த பிறகும் அந்தப் பின்னல் அவர்களை விட்டுப் போகவில்லை.

அண்ணா, சாம்பிளிங் என்றால் என்ன? இந்தக் குழுதான் அதைத் தொடங்கியதா?
*— இசைக்குழுவில் பாட் (மின் தாளக் கருவி) அடிக்கும் தம்பி, அன்புவழிபுரம்*

தொடங்கியவர்கள் இவர்கள் இல்லை. ஆனால் எனக்கு அதைக் காட்டியவர்கள் இவர்கள்தான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

1985. எங்கள் ஒழுங்கையில் இருந்த ஓர் அண்ணா, நிலாவெளிக்கு அப்பால் இருந்த ஜேர்மன் வானொலியின் அஞ்சல் நிலையத்தில் வேலை செய்தார். அங்கே வந்துபோன ஒரு வெள்ளைக்காரர் அவருக்கு விட்டுவிட்டுப் போன கசெற் ஒன்று சுற்றிச் சுற்றி என் கைக்கு வந்தது. டி.டி.கே. தொண்ணூறு நிமிடம். ஏ பக்கத்தில் ‘சம் கிரேட் ரிவோர்ட்’, பி பக்கத்தில் ‘கன்ஸ்ட்ரக்ஷன் டைம் எகெய்ன்’, இரண்டும் நீலப் பேனாவால் ஜேர்மன் கையெழுத்தில். ஏ பக்கத்தில் ‘பீப்பிள் ஆர் பீப்பிள்’ இருந்தது. அந்தப் பாட்டு 1984இல் மேற்கு ஜேர்மனியில் முதலாம் இடத்துக்கு வந்தது, இங்கிலாந்தில்கூட நாலாம் இடம்தான். அந்த வெள்ளைக்காரர் அதைப் பெட்டியில் வைத்துக்கொண்டு திருகோணமலை வரை வந்ததில் ஆச்சரியம் இல்லை.

அப்பா சீனக்குடா மா ஆலையில் பிற்றர். நான் பி பக்கத்தைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது, வேலை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தவர் கையில் பிசைந்த சோற்றோடு நிறுத்தினார். “இது மேளம் இல்லையடா. ஆரோ குழாய்க்கு அடிக்கிறான். அதுவும் வெறுங் குழாய்” என்றார்.

நான் நம்பவில்லை. பல வருடங்களுக்குப் பிறகுதான் ஒரு கட்டுரையில் படித்தேன். ‘கன்ஸ்ட்ரக்ஷன் டைம் எகெய்ன்’ செய்த 1983இல் அவர்கள் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு கிழக்கு லண்டனில் கட்டட வேலை நடக்கிற இடங்களுக்கும் பழைய இரும்பு கிடக்கிற இடங்களுக்கும் போயிருக்கிறார்கள். குழாயிலும் தகரத்திலும் அடித்து அந்தச் சத்தத்தைப் பிடித்து வந்திருக்கிறார்கள். அதிலுள்ள ‘பைப்லைன்’ முழுக்க முழுக்க அப்படிப் பொறுக்கிய சத்தங்களால் ஆனது. அப்பா ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டுக் குழாய் வெறுமையா நிரம்பியதா என்பது வரை சொன்னார்.

இனி உங்கள் கேள்வி. சாம்பிளிங் என்றால் ஒரு சத்தத்தைச் சின்னத் துண்டாகப் பதிந்து, அதைக் கீபோர்டின் கட்டைகளில் பரப்பிவிடுவது. அவர்கள் சின்கிளேவியர் என்ற, வீட்டு விலை வருகிற கருவியில் செய்தார்கள். எங்கள் குழுவுக்கு 1988இல் மாமா ஒருவர் கசியோ எஸ்கே-1 கொண்டுவந்து தந்தார். 32 சின்னக் கட்டைகள், பக்கத்தில் ஒரு குட்டி மைக், ஒன்றரை வினாடிகூடப் பதியாது. அன்று பின்னேரமே அப்பாவின் ஸ்பானரை எடுத்து முற்றத்துத் தண்ணீர்க் குழாயில் ஓர் அடி அடித்துப் பதிந்தேன். நடுக்கட்டையை அழுத்தினால் எங்கள் குழாய். இடப் பக்கம் போகப் போக அதே அடி மெதுவாகி, தடித்து, கோயில் மணி மாதிரி இழுத்தது. வலப் பக்கம் போனால் சுருங்கி, தேநீர்க் கோப்பையைக் கரண்டி தட்டுகிற மாதிரி. சுருதி ஏறினால் வேகமும் ஏறும், இறங்கினால் இரண்டும் இறங்கும். அந்தக் காலத்து சாம்பிளரின் வேலை இவ்வளவுதான், தம்பி. இப்போது உங்கள் பாட் கருவியில் அழுத்தினால் வருகிற ஆயிரம் சத்தமும் இப்படி யாரோ போய் எதிலோ அடித்துப் பிடித்து வந்ததுதான். பாட் அடிக்கிறவர் நீங்கள். ஒரு நாள் போனை எடுத்துக்கொண்டு உட்துறைமுக வீதிப் பக்கம் நடந்து பாருங்கள். படகுச் சங்கிலி, கயிறு உரசுகிற சத்தம், பழைய பரல் எல்லாம் அங்கே இருக்கின்றன.

அவர்களின் உச்சம் எது?
*— வாசகி, லிங்கநகர்*

1990 மார்ச்சில் வந்த ‘வயலேட்டர்’. ஒன்பதே பாட்டு, ஒன்றையும் எடுத்து வீச முடியாது. தயாரிப்பில் கூட இருந்தவர் ஃபிளட் என்ற பெயரில் வேலை செய்கிறவர். மிலானிலும் டென்மார்க்கிலும் பெரும்பகுதி பதிந்தார்கள்.

அதிலுள்ள ‘என்ஜோய் த சைலன்ஸ்’ பிறந்த விதம் நம் ஆட்களுக்குப் பிடிக்கும். மார்ட்டின் அதை முதலில் பதிந்து கொண்டுவந்தபோது அது மெதுவான ஒரு பாட்டு, கூட வாசித்தது ஹார்மோனியம். ஓம், நம் பஜனை மடத்தில் இருக்கிற அதே குடும்பத்து வாத்தியம். அலன்தான் இதற்குள் ஒரு நடனப் பாட்டு இருக்கிறது, வேகமாக்கிப் பார்ப்போம் என்றார். மார்ட்டினுக்குப் பிடிக்கவில்லை. இது அமைதியைப் பற்றிய பாட்டு, இதை ஏன் ஓடவிட வேண்டும் என்பது அவர் பக்கம். அதுவும் நியாயம்தான். கடைசியில் விட்டுக்கொடுத்தார். அலனும் ஃபிளட்டும் தாளத்தைக் கட்டிய பிறகு மார்ட்டினைக் கூப்பிட்டு கிட்டாரில் ஏதாவது வாசி என்றார்கள். இன்றைக்கு உலகம் முணுமுணுக்கிற அந்தக் கிட்டார் வரி அப்படி வந்தது. இங்கிலாந்தில் 6ஆம் இடம், அமெரிக்காவில் 8ஆம் இடம். மெதுவான வடிவமும் பிறகு வெளிவந்தது, தேடிக் கேளுங்கள். தன் பிள்ளையை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நிற்கிற மனம் எல்லா இசையமைப்பாளருக்கும் வராது.

அந்த வருடம் ஜூனில் இங்கே மறுபடி சண்டை தொடங்கியது. ‘வயலேட்டர்’ என் கைக்கு வர 1992 ஆகிவிட்டது, அதுவும் கொழும்பில் ஒரு ரெக்கோடிங் பாரில் அடித்த கொப்பி. வீட்டை விட்டுப் போகும்போது எஸ்கே-1ஐ எடுக்க முடியவில்லை. அந்த ஜேர்மன் கசெற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

என் மகன் இவர்களின் பாட்டே கதி என்று கிடக்கிறான். போதைப்பொருள் பழக்கம் உள்ளவர்கள் என்று சொல்கிறார்களே, தடுக்கவா விடவா?
*— ஒரு தாய், அலஸ்தோட்டம்*

அம்மா, நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். 1993இல் அவர்களின் ‘சோங்ஸ் ஒஃப் ஃபெய்த் அன்ட் டிவோஷன்’ இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதலாம் இடம். அதற்குப் பிறகான சுற்றுப்பயணம் அடுத்த வருடம் வரை நீண்டது. அதற்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாத நிலை. டேவ் ஹெரோயினுக்கு அடிமையாகிவிட்டார். 1996 மே மாதம் லொஸ் ஏஞ்சலிஸ் விடுதி ஒன்றில் அளவு மீறி எடுத்து, இரண்டு நிமிடம் இதயம் நின்றுபோய், மருத்துவ உதவியாளர்கள் மீட்டெடுத்தார்கள். பிறகு சிகிச்சைக்குப் போனார், மீண்டார். 1997இல் ‘அல்ட்ரா’ வந்தது. அன்றிலிருந்து இன்று வரை அவர் பாடிக்கொண்டிருக்கிறார். 2005இலிருந்து தானும் பாட்டு எழுதுகிறார்.

மகனைத் தடுக்காதீர்கள். இந்தக் கதையையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். டேவ் தானே பேட்டிகளில் இதையெல்லாம் ஒளிக்காமல் பேசியிருக்கிறார். ஒரு நாள் மகனோடு உட்கார்ந்து ‘அல்ட்ரா’வைக் கேளுங்கள். அந்தக் குரலில் கர்வம் கொஞ்சமும் இருக்காது.

அன்டி ஃபிளெட்சர் மேடையில் ஒன்றும் செய்யாமல் கைதட்டிக்கொண்டு நிற்பார் என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள். அவருக்கு எதற்குச் சம பங்கு?
*— பல்கலைக்கழக மாணவன், நிலாவெளி*

இந்தக் கேள்விக்காகத்தான் இந்த மாதப் பக்கத்தை முழுவதும் எடுத்துக்கொண்டேன்.

அவர் பாட்டு எழுதவில்லை, பாடவில்லை, வாசிப்பிலும் பெரிய ஆள் இல்லை. 1989இல் வந்த அவர்களின் ஆவணப்படத்தில் அவரே சொல்வார்: மார்ட்டின் பாட்டு எழுதுகிறவர், அலன் நல்ல வாத்தியக்காரர், டேவ் பாடகர், நான் சும்மா திரிகிறேன் என்று. எல்லாரும் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் கணக்கைப் பார்த்தது யார்? பல வருடம் அந்தக் குழுவுக்கு முறையான மனேஜரே இருக்கவில்லை. காப்புறுதி அலுவலகத்தில் வேலை பார்த்த அந்த நெட்டைப் பொடியன்தான் பணம், பயணம், பேச்சு எல்லாம் பார்த்தார். மார்ட்டினும் டேவும் ஒருவரோடு ஒருவர் கதைக்காத நாட்களில் இரண்டு பேரோடும் கதைத்தவரும் அவர்தான்.

அலன் 1995இல் விலகினார். உழைப்பு சமமாக இல்லை, செய்த வேலைக்கு மதிப்பு இல்லை என்று எழுதிவிட்டுப் போனார். அவர் வருத்தம் எனக்கு விளங்குகிறது. ‘வயலேட்டர்’ அந்த ஒலியோடு வந்ததற்கு அவர்தான் காரணம். அவர் போனபிறகு அவர்களின் ஒலி அந்த அளவுக்குத் திரும்பவில்லை என்பது என் கணிப்பு. இரண்டும் உண்மையாக இருக்கலாம்: அலனுக்கு நியாயம் கிடைக்கவில்லை, அன்டி இல்லாமல் குழுவும் இல்லை.

எங்கள் இசைக்குழுவில் ஒருவர் இருந்தார். தபேலாவும் தெரியாது, சுருதியும் தெரியாது. கோயில் திருவிழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் நாள் பேசுவார், லொறி பிடிப்பார், வயர் சுற்றுவார், பாடகிக்குக் கொத்தமல்லித் தண்ணீர் வைத்துக் கொடுப்பார். இரவு இரண்டு மணிக்குப் பெட்டிகளை இறக்கியபின் மத்திய வீதிக் கடை வாசலில் வைத்துக் காசைப் பிரித்துக் கொடுப்பார், தன் பங்கைக் கடைசியாக எடுப்பார். அது ஏன் மற்றவர்களின் பங்குக்குச் சமம் என்று எங்களுக்குள்ளும் கதை வந்தது. நானும் கதைத்திருக்கிறேன். அவர் கனடா போனார். ஆறு மாதம்கூட நாங்கள் ஒன்றாக இருக்கவில்லை. அத்தனை பேரும் அவரவர் வாத்தியத்தில் வித்துவான்கள்.

அன்டி ஃபிளெட்சர் 2022 மே 26 அன்று இறந்தார். அறுபது வயது. இதயத்திலிருந்து வருகிற பெருநாடி கிழிந்தது காரணம். அதற்கு முன்பே எழுதத் தொடங்கியிருந்த பாட்டுகளோடுதான் மார்ட்டினும் டேவும் இருவராக ‘மெமெண்டோ மோரி’யை முடித்தார்கள். பல வருடம் எட்டி நின்ற அந்த இருவரும் நடுவில் நின்றவர் போனபிறகு நேருக்கு நேர் கதைக்க வேண்டியிருந்தது. ‘கோஸ்ட்ஸ் எகெய்ன்’ பாட்டின் வீடியோவில் இரண்டு பேரும் செஸ் பலகையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருப்பார்கள்.

மாஸ்டர், ‘என்ஜோய் த சைலன்ஸ்’ பாட்டைக் கீபோர்டில் வாசிக்க மூன்று கோர்ட் போதும் என்கிறார்கள். ஆனால் நான் வாசித்தால் அந்தச் சோகம் வரவில்லை. எங்கே பிழை?
*— கீபோர்ட் பழகும் மாணவி, செல்வநாயகபுரம்*

பாடத் தொடங்குகிற பகுதிக்கு மூன்றே கோர்ட்தான்: சி மைனர், ஈ ஃபிளாட் மைனர், ஏ ஃபிளாட் மேஜர். நீங்கள் ஒவ்வொரு தடவையும் கையை முழுவதும் தூக்கி வைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மூன்றிலும் ஈ ஃபிளாட் இருக்கிறது, கவனித்தீர்களா? மற்றச் சுரங்கள் எல்லாம் வருகின்றன, போகின்றன, அது மட்டும் அங்கேயே நிற்கிறது. ஹார்மோனியத்தில் சுருதிக் கட்டையை இழுத்து விடுகிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஓர்கன் ஒலியைப் போடுங்கள், தாளத்தை நிறுத்துங்கள், பாதி வேகத்தில் தொடங்குங்கள். ஈ ஃபிளாட்டில் வைத்த விரலை மட்டும் எடுக்காமல் மற்ற விரல்களை மாற்றிப் பாருங்கள்.